அறுந்த இடம் எது?
வீட்டுக் கணிப்பொறி இணைப்புகளில் பிழை காணும் முறை

சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருப்பது சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் கொண்டிருக்கும் இவ்வூர், நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் ஒருங்கே காதில் விழும் எல்லைப்புற ஊர் இது. இங்கிருந்து கிழக்கே, பழவேற்காட்டு ஏரியின் ஊடே செல்லும் சாலையைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. நம் நாட்டின் செயற்கைக் கோள்களை விண்ணுக்கு அனுப்பும் சதீஷ் தவான் விண்வெளி மையம் அங்கேதான் இருக்கிறது. அம்மையத்தில் பணிபுரிவோர் பலர் சூளூர்பேட்டையில் குடியிருந்து, நாள்தோறும் ஏரியைக் கடந்து சென்று வருகின்றனர்.

2010-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எப்-06 என்னும் ராக்கெட், ஜிசாட்-5பி என்னும் செய்தித் தொடர்புச் செயற்கைக் கோளைச் சுமந்து எழுந்தது. முதல் 47 விநாடிகள் வரை யாவும் ஒழுங்காகவே நடந்தன. அதன் பின்னர் ராக்கெட் தன் நிலையிலிருந்து சாயத் தொடங்கியது. 64-ஆவது விநாடியில், பாதுகாப்பைக் கருதி அதனை அழித்துவிடுமாறு கட்டளை பிறப்பிக்கப்பட்டது. பல்லாண்டு உழைப்பு வங்கக் கடலில் விழுந்தது.

காரணம் யாது? ராக்கெட்டின் மேற்பகுதியில் இருந்த கணிப்பொறியின் கட்டளைகள், அடிப்பகுதியில் இருக்கும் நான்கு துணை எந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குக் கம்பிகளின் வழியே செல்ல வேண்டும். அக்கம்பிகள் சேரும் பத்து இணைப்பிகள் இடையில் இருந்தன. 292-ஆவது விநாடியில், கட்டளையின் பேரில் பிரிய வேண்டிய அந்த இணைப்பிகள், உரிய காலத்திற்கு நான்கு நிமிடங்களுக்கு முன்னரே இழுபட்டுக் கழன்றுவிட்டன. மேலே கணிப்பொறி இருந்தது. கீழே எந்திரங்கள் இருந்தன. இடையே இருந்த பிணைப்பு மட்டும் போய்விட்டது.

பறந்த பொருள் கடலுக்குள் போயிற்று. கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. எனினும் அதிலிருந்து தரைக்கு வந்து சேர்ந்த செய்திகளை விநாடி விநாடியாக ஆராய்ந்து, எந்த நொடி வரை எது சரியாக இருந்தது, எந்த நொடியில் எது நின்றது என்று பிரித்துப் பார்த்தே விஞ்ஞானிகள் அந்தப் பத்து இணைப்பிகளைச் சென்றடைந்தனர். அத்துடன் நிற்கவும் இல்லை. அடுத்த ராக்கெட்டில், அப்பகுதியை மூடும் உறையை மாற்றி அமைத்தனர். கம்பிகள் செல்லும் குழற்பாதையைப் பெரும் விசையைத் தாங்குமாறு திருத்தினர். உறை அசைகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு காமிராவையும் வைத்தனர். 2014-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அந்த ராக்கெட், ஜி.எஸ்.எல்.வி. டி-5, வெற்றியுடன் பறந்தது.

ராக்கெட்டின் கதை நம் வீட்டு மூலையில் இருக்கும் கணிப்பொறிக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அளவில்தான் வேற்றுமை, முறையில் வேற்றுமை இல்லை. கணிப்பொறி நன்றாக இருந்து, அப்பால் உள்ள சாதனமும் நன்றாக இருந்து, இடையில் உள்ள இணைப்பு ஒன்று பழுதாவதே வீடுகளில் பெரும்பாலும் நேர்வது. சரியாக இருக்கும் இடத்தையும் நின்றுபோன இடத்தையும் பிரித்தறிதலே இதற்கும் மருந்து.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இணைப்பு வெறும் வசதியன்று. ஊரில் தனித்திருக்கும் தாயின் முகத்தை இரவு எட்டு மணிக்குக் காண்பது இதன் வழியே. மகளின் தேர்வு விண்ணப்பத்தைக் கடைசி நாளில் அனுப்புவது இதன் வழியே. வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கு அன்றைய கூலியும் இதன் வழியேதான் வருகிறது. இணைப்பு நின்றுவிட்டால், பழுது பார்ப்பவரிடம் அவர் மொழியில் எடுத்துரைக்கத் திணறுகிறோம். "எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று அவர் சொன்னால் மறுத்துரைக்க வழி தெரியாமல் பணத்தைக் கொடுக்கிறோம். பல வேளைகளில் மாற்ற வேண்டியிருந்தது ஒரு முழக் கேபிள் மட்டுமே. ஆதலின், பழுது பார்க்கும் தொழிலையே கற்காவிடினும், பழுது எங்கே என்று சுட்டிக் காட்டும் அளவுக்கேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டில் செய்தி செல்லும் பாதை

முதலில் பாதையை அறிவோம். தெருக் கம்பத்திலிருந்து நம் வீட்டிற்குள் வருவது இன்று பெரும்பாலும் கண்ணாடி இழை, அதாவது பைபர். மயிரிழை போன்ற அந்தக் கண்ணாடியில் ஒளியாக வரும் செய்தியை, சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சிறு பெட்டி மின்குறியாக மாற்றுகிறது. அதிலிருந்து ரூட்டர் என்னும் பெட்டிக்கும், ரூட்டரிலிருந்து கணிப்பொறி, தொலைக்காட்சி, காமிரா ஆகியவற்றிற்கும் செம்புக் கேபிள்கள் செல்கின்றன. சில வீடுகளில் முதல் இரண்டு பெட்டிகளும் ஒன்றாகவே இருக்கும். ரூட்டரில் உள்ள துளைகள் போதாவிடில், ஸ்விட்ச் என்னும் மற்றொரு பெட்டி இடையில் சேரும். கம்பியில்லா வைபையும் ரூட்டரிலிருந்தே புறப்படுகிறது.

ஆகவே பாதை இவ்வாறாகும்: தெரு, ஒளிப்பெட்டி, ரூட்டர், ஸ்விட்ச், கணிப்பொறி. ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே ஒரு கேபிள். ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனைகள். ஒரு தாளில் இதனைப் படமாக வரைந்து, ரூட்டரின் அருகே ஒட்டி வைத்தல் நலம். பழுது வரும் நாளில் அத்தாளே பாதி மருத்துவர்.

எட்டுக் கம்பிகளின் கணக்கு

கணிப்பொறிகளைக் கேபிளால் பிணைக்கும் இந்த முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில், 1973-ஆம் ஆண்டில் ராபர்ட் மெட்காப் என்பவர் வகுத்தது அது. அக்காலத்தில் ஒரே தடித்த கேபிளில் எல்லாக் கணிப்பொறிகளும் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் பழுது என்றால் யாவும் நின்றன. 1990-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தரமுறைக்குப் பின்னரே, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனிக் கேபிள் என்னும் இன்றைய ஏற்பாடு பரவிற்று. இதனால் நமக்கு விளைந்த நன்மை பெரிது. ஒன்றின் பழுது பெரும்பாலும் மற்றொன்றைத் தாக்குவதில்லை. எது நின்றது, எது ஓடுகிறது என்பதைக் கொண்டே பழுதின் இடத்தை ஊகிக்கலாம்.

இக்கேபிளினுள் எட்டுக் கம்பிகள் உள்ளன. அவை நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குவது உறுதிக்காக அன்று. ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே குறி ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கிறது. பெறும் முனையில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையே செய்தியாகக் கொள்ளப்படுகிறது. அருகில் செல்லும் மின்கம்பியோ மோட்டாரோ எழுப்பும் இடையூறு, முறுக்கின் காரணமாக இரு கம்பிகளிலும் ஏறத்தாழச் சமமாகவே விழும். சமமாக விழுந்தது வேற்றுமை காணும்போது கழிந்துபோகும். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே இவ்வுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

கேபிளின் முனையில் நாம் காணும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முளைக்கு ஆர்.ஜே.-45 என்று கடைகளில் பெயர். அதனுள் எட்டுக் கம்பிகளும் ஒரு குறித்த வண்ண வரிசையில் அமைதல் வேண்டும். கொண்டிப் பக்கம் கீழாகவும், கேபிள் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதற்கு 'பி' வரிசை என்று பெயர். ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் இடம் மாறினால் 'ஏ' வரிசை. இரண்டில் எதனையும் கொள்ளலாம். இரு முனைகளிலும் ஒன்றையே கொள்ள வேண்டும் என்பதே விதி.

இங்கே கவனிக்கத் தக்க நுட்பம் ஒன்று உண்டு. பச்சை இணையின் இரு கம்பிகள் மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் பிரிந்து நிற்க, நடுவே நீல இணை அமைந்திருக்கிறது. இதனை அறியாத சிலர், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று இணை இணையாக அடுக்கி, மறுமுனையிலும் அவ்வாறே செய்துவிடுகின்றனர். விளக்கு எரியும் சாதாரணச் சோதனைக் கருவியில் வைத்தால் எட்டும் சரி என்றே காட்டும். ஏனெனில் ஒவ்வொரு கம்பியும் உரிய முனைக்குச் சென்று சேர்கிறது. ஆனால் ஒரு குறியின் இரு பாதிகளும் வெவ்வேறு முறுக்குகளில் பிரிந்து செல்வதால், இடையூறு கழிவதில்லை. இணைப்பு இருக்கும், வேகம் இராது, திடீர் திடீரென்று அறும். சோதனையில் தேறி வாழ்க்கையில் தோற்பது இத்தகைய கேபிள்.

பிழை காணும் வரிசை

இணைப்பு நின்றதும் எல்லாவற்றையும் ஒருசேரப் பிடுங்கி மாட்டுவது நம்மில் பலருடைய வழக்கம். சில வேளை அதனால் சரியாகிவிடும்; ஆனால் எதனால் சரியாயிற்று என்பது விளங்காது; நாளை மீண்டும் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியபின் பார் என்பதே பிழை காண்போரின் முதல் நெறி.

முதலாவதாக, பழுது ஒன்றுக்கா, எல்லாவற்றுக்குமா என்று பாருங்கள். வைபையில் உள்ள கைபேசியும் கேபிளில் உள்ள கணிப்பொறியும் ஒருங்கே நின்றால், பழுது ரூட்டரிலோ அதற்கு மேலேயோ உள்ளது. கைபேசி ஓடிக் கணிப்பொறி மட்டும் நின்றால், பழுது ரூட்டருக்கும் கணிப்பொறிக்கும் இடையே உள்ளது. இந்த ஒரு வினாவே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். கைபேசியைச் சோதிக்கும்போது, அது தன் சொந்தச் சிம் வழியே ஓடாதபடி அதனை அணைத்துவிட்டு, வைபையில் மட்டும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, விளக்குகளைப் பாருங்கள். ஒளிப்பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், தெருவிலிருந்து வர வேண்டிய ஒளி வரவில்லை என்று பொருள். பைபர் எங்கோ அறுந்தது, அல்லது மிகவும் மடங்கியது. அப்பொழுது வீட்டுக்குள் எதனை மாற்றினாலும் பயனில்லை. சேவை தருவோரைத்தான் அழைக்க வேண்டும். அவ்விளக்கு எரியாமல், பான் என்று குறித்த விளக்கு பச்சையாக நிலைத்து நின்றால் ஒளி ஒழுங்காக வருகிறது. ரூட்டரிலும் ஸ்விட்சிலும், ஒவ்வொரு துளைக்கும் உரிய சிறு விளக்கு உண்டு. கேபிளின் இரு முனைகளும் உயிருள்ள சாதனங்களில் இருந்தால் அது எரியும். செய்தி செல்லும்போது சிமிட்டும். அது அணைந்திருந்தால், கணிப்பொறியின் மென்பொருள் அமைப்புகளை நோண்ட வேண்டியதில்லை. கேபிள், முளை, துளை ஆகிய மூன்றில் ஒன்றே குற்றவாளி.

மூன்றாவதாக, முளையைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். சரியாகப் பொருந்தினால் 'டக்' என்னும் ஓசை கேட்கும். மெல்ல இழுத்தால் வராது. கொண்டி முறிந்த முளை, பார்வைக்கு உள்ளே இருப்பது போலவே இருந்து, நாற்காலி நகரும்போதெல்லாம் நழுவும். வீடு பெருக்கியபின் இணைப்பு போயிற்று என்று சொல்லும் வீடுகளில் முதலில் காண வேண்டியது இந்தக் கொண்டியையே.

நான்காவதாக, மாற்றிப் பார்க்கும் சோதனை. நன்றாக ஓடும் என்று தெரிந்த ஒரு கேபிளை எடுத்து, சந்தேகத்திற்குரிய கேபிளின் இடத்தில் மாட்டுங்கள். விளக்கு எரிந்தால் பழைய கேபிளே பழுது. எரியாவிடில் ரூட்டரில் வேறொரு துளைக்கு மாற்றுங்கள். அப்பொழுது எரிந்தால் அத்துளை பழுது. அதிலும் எரியாவிடில் அக்கேபிளை வேறொரு கணிப்பொறியில் மாட்டுங்கள். இவ்வாறு மூன்று மாற்றங்களில் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். இச்சோதனைக்காகவே ஒரு நல்ல கேபிளை வீட்டில் தனியே வைத்திருத்தல் நன்று.

ஐந்தாவதாக, விளக்கு எரிந்தும் இணையம் வராவிடில், படிப்படியாகக் குரல் கொடுத்துப் பாருங்கள். கணிப்பொறியில் பிங் என்னும் கட்டளை இதற்காகவே இருக்கிறது. 127.0.0.1 என்னும் எண்ணுக்கு விடை வந்தால், கணிப்பொறியின் உள்ளமைப்பு நலமாக உள்ளது. பிறகு ரூட்டரின் எண்ணுக்குக் குரல் கொடுங்கள். அது பல வீடுகளில் 192.168.1.1 ஆக இருக்கும். பெட்டியின் அடியில் அச்சிட்டும் இருக்கும். அங்கிருந்து விடை வந்தால் வீட்டுக் கேபிள் நன்று, பழுது வெளியே. விடை வாராவிடில் பழுது வீட்டுக்குள். கணிப்பொறியின் எண் 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறிந்துகொள்ளலாம். நூறு முறை குரல் கொடுத்து ஐந்தாறு முறை விடை தவறினால், கேபிள் முற்றும் அறவில்லை, குற்றுயிராக இருக்கிறது என்று கொள்க.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

முற்றும் அறுந்த கேபிளைவிடப் பாதி அறுந்த கேபிளே மிகுந்த தொல்லை தரும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் செல்லும் இணைப்புக்கு எட்டில் நான்கு கம்பிகளே போதும்: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய இடங்களில் உள்ளவை. ஆயிரம் மெகாபிட் வேகத்திற்கோ எட்டும் வேண்டும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால், பல சாதனங்கள் தாமே இறங்கி 100 மெகாபிட் வேகத்தில் ஓடும். சில சாதனங்கள் இணைப்பே கொள்ளாமல் நிற்கும். 300 மெகாபிட் வேகத்திற்குப் பணம் கட்டியும் 90-ஐத் தாண்டவில்லை என்று குறைகூறுவோர், சேவை தருவோருடன் வழக்காடுமுன், கணிப்பொறியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று காட்டுகிறதா என்று பார்த்தல் வேண்டும். காட்டினால் ஐயத்திற்குரியது நம் வீட்டுக் கேபிளே. அல்லது ரூட்டரோ கணிப்பொறியோ 100 மெகாபிட்டுக்கு மேல் செல்ல இயலாத பழைய வகையாக இருக்கும்.

அடுத்தது கேபிளின் தரம். செம்பின் விலை மிகுதி ஆதலால், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்கள் மலிவாக விற்கப்படுகின்றன. அவை மின்தடை மிக்கவை. இரண்டு மூன்று முறை வளைத்தால் உள்ளே முறியக் கூடியவை. காமிரா போன்றவற்றிற்குச் செய்தியுடன் மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும்போது, இவை வெப்பமும் கொள்ளும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால், செம்பு நிறம் போய் வெள்ளை நிறம் தெரியும். சுவருக்குள் புதைக்கும் கேபிளை இவ்வாறு சோதித்த பின்னரே வாங்குதல் வேண்டும். சுவரை மீண்டும் உடைக்கும் செலவு, மலிவில் மிஞ்சிய தொகையைப் பன்மடங்கு விழுங்கும்.

நீளத்திற்கும் எல்லை உண்டு. ஒரு சாதனத்திலிருந்து அடுத்த சாதனம் வரை 100 மீட்டர் என்பது தரமுறை. வீடுகளில் இது அரிதாகவே தாண்டப்படும். ஆயினும் மாடிக்கு மாடி, வீட்டுக்கு வீடு இழுப்போர் நினைவிற் கொள்க. முளை பொருத்தும்போது முறுக்கை அரை அங்குலத்திற்கு மேல் பிரித்தல் ஆகாது. கேபிளின் வெளித்தோல் முளைக்குள் சென்று, அங்குள்ள நாக்கினால் அழுத்திப் பிடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தோல் வெளியே நின்று, எட்டுக் கம்பிகள் மட்டும் இழுவையைத் தாங்கினால், அம்முனை அதிக நாள் நில்லாது. ஸ்ரீஹரிகோட்டாவில் கழன்ற இணைப்பிகளும் இழுவையைத் தாங்கமாட்டாமலே கழன்றன என்பதை இங்கே எண்ணுக.

மற்றொரு விந்தையான பழுதும் உண்டு. ஒரு கேபிளின் இரு முனைகளையும் அறியாமல் ஒரே ஸ்விட்சில் மாட்டிவிட்டால், செய்தி வெளியேற வழியின்றி அதனுள்ளேயே சுழன்று பெருகி, வீட்டின் எல்லா இணைப்புகளையும் முடக்கிவிடும். எல்லா விளக்குகளும் ஒருசேர மூச்சுவிடாமல் சிமிட்டுவது அதன் அடையாளம். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதனைக் கழற்றும்போது அமைதி திரும்புகிறதோ அதுவே குற்றவாளி.

கடற்காற்றும் இடியும் எலியும்

ஊருக்கு ஊர் பகைவர் வேறு. சூளூர்பேட்டை போன்ற கடலோர, ஏரியோர ஊர்களில் உப்புக் காற்று முதற்பகை. முளையின் பொன் முலாம் மெல்லியதாக இருந்தால், ஈரமும் உப்பும் உள்ளே புகுந்து உலோகத்தில் பச்சைக் களிம்பு ஏறும். மும்பை, விசாகப்பட்டினம் முதலிய கடற்கரை நகர்களில் வாழ்வோரும் இதனைக் காணலாம். களிம்பு ஏறிய முளையைச் சுரண்டிப் பயன்படுத்துவதைவிட, அதனை வெட்டி எறிந்து புதியது பொருத்துவதே தக்கது. முளையின் விலை சில ரூபாய்களே. வெளிச்சுவரில் செல்லும் கேபிள், வீட்டினுள் நுழையும் முன் சிறிது கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையுமாறு வளைத்து விட்டால், மழைநீர் அவ்வளைவில் சொட்டிப்போகும், பெட்டிக்குள் வாராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னல் இரண்டாம் பகை. மின்னல் நேரே விழ வேண்டுவதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட செம்புக் கேபிளில் மின்னழுத்தம் பாய்ந்து ரூட்டரின் துளையைச் சுட்டுவிடும். மழை கருக்கும்போது மின்செருகியைப் பிடுங்கும் நாம், ரூட்டருக்கும் கணிப்பொறிக்கும் வரும் கேபிள்களையும் கழற்றி வைத்தல் வேண்டும். ஆனால் இடி முழங்கத் தொடங்கிய பின்னர் அவற்றைத் தொடலாகாது. கருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். தனித்தனி மின்னிணைப்புள்ள இரண்டு வீடுகளுக்கிடையே செம்புக் கேபிள் இழுப்பதைத் தவிர்ப்பது நன்று. அங்கே பைபரோ கம்பியில்லா இணைப்போ தக்கது. பைபர் கண்ணாடி ஆதலின் மின்னோட்டம் அதில் ஏறாது.

எலி மூன்றாம் பகை. பரணிலும் பொய்க்கூரையிலும் செல்லும் கேபிளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துதல் வேண்டும். அதே குழாயில் மின்சாரக் கம்பியைச் சேர்த்துச் செலுத்துவது எவ்வகையிலும் ஆகாது. இரண்டும் அருகருகே செல்ல நேர்ந்தால் ஒரு சாண் இடைவெளியேனும் விடுக. குறுக்கிட நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்கச் செய்க.

பைபரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதனைக் கயிறுபோல் மடித்து ஆணியில் கட்டலாகாது. விரல் மொத்தத்தில் வளைத்தால் ஒளி வழியிலேயே சிந்திப்போகும். கழன்ற பைபரின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தலும் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது, புலப்படாமையாலேயே தீங்குடையது.

பழுது பார்ப்பவரிடம் சொல்லும் மொழி

இத்துணை சோதனைக்குப் பின்னரும் ஆள் வர வேண்டியிருக்கலாம். அப்பொழுது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், கண்டதைச் சொல்லுங்கள்: எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, பழுது எல்லாவற்றுக்குமா, ஒன்றுக்கா, எந்த நேரத்தில் நின்றது, எதை மாற்றிப் பார்த்தோம். இந்நான்கையும் கூறினால், வருபவர் உரிய கருவியோடு வருவார். நம்மை ஏதும் அறியாதவர் என்றும் எண்ணமாட்டார்.

பிற மொழியில் இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. விளக்கு எரியவில்லை என்பதை ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் "லைட்டு வெலகட்லேது" என்றும், கன்னட நாட்டில் "தீப உரியுத்தில்ல" என்றும், இந்தி வழங்கும் இடங்களில் "பத்தி நஹீ ஜல் ரஹீ" என்றும் சொல்லலாம். கம்பி அறுந்தது என்பதைத் தெலுங்கில் "தீக தெகிந்தி" என்பர். தீக என்னும் அச்சொல்லுக்குக் கொடி என்றும் பொருள்; படரும் கொடியும் ஓடும் கம்பியும் அம்மொழிக்கு ஒன்றே. இந்தியில் "தார் டூட் கயா". கன்னடத்தில் கம்பிக்குத் தந்தி என்றே பெயர்; நாம் செய்திக்கு வைத்த பெயரை அவர்கள் அது செல்லும் வழிக்கு வைத்திருக்கின்றனர். இத்தகைய இரண்டொரு வாக்கியங்களை அறிந்திருந்தால், வந்தவரும் நாமும் ஒரே இடத்தைச் சுட்டிப் பேச முடியும்.

பழுது தீர்ந்த பின்னர், மாற்றிய கேபிளையும் முளையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எவ்விடத்தில், ஏன் போயிற்று என்று கேளுங்கள். கதவிடுக்கில் நசுங்கிப் போயிற்று என்றால், புதிய கேபிளையும் அக்கதவிடுக்கிலேயே விடுவது அறிவுடைமையன்று, பாதையை மாற்றுக. களிம்பு ஏறிப் போயிற்று என்றால், பெட்டியை ஈரமில்லாத சுவருக்கு மாற்றுக. பிறகு ரூட்டரருகே ஒட்டிய தாளில், நாளும் மாற்றமும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதிய துண்டுத் தாளைச் சுற்றி ஒட்டிவிட்டால், அடுத்த முறை வீட்டுத் தலைவர் வெளியூரில் இருந்தாலும், தொலைபேசியில் "மூன்றாம் எண்ணைக் கழற்றி மாட்டு" என்று சொல்லலாம். பள்ளிப் பிள்ளையும் அதனைச் செய்து முடிக்கும். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு முழக் கேபிள்: இவையே இதற்கு வேண்டிய முதலீடு.